மகளிர் மன்ற ஆண்டறிக்கை: மார்பகச் சுயபரிசோதனைப் பயிற்சி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவிற்கு வருகை தந்துள்ள உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

தையல் வகுப்பும் வாசகசாலையும் இந்த ஆண்டும் தடையின்றி நடைபெற்றன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி நாம் மேற்கொண்ட மார்பகச் சுயபரிசோதனைப் பயிற்சியைப் பற்றியே இவ்வறிக்கையில் விரிவாகக் கூற விரும்புகிறேன்.

ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியர் நம் மன்றத்திற்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, சிலிகோனால் ஆன மார்பக மாதிரி ஒன்றை மேசையில் வைத்துப் பயிற்சி அளித்தார். நம்மில் பலர் விரல் நுனிகளால் கிள்ளிப் பார்ப்பதையே பரிசோதனை என்று நினைத்திருந்தோம். அப்படிக் கிள்ளினால் இயல்பான சதையும் கட்டிபோலத் தட்டுப்படும் என்பதை அவர் அந்த மாதிரியிலேயே காட்டினார். படுத்த நிலையில், தோளுக்கடியில் சிறு தலையணை வைத்து, எதிர்க்கையின் நடு மூன்று விரல்களின் சதைப்பகுதியால், காறை எலும்பிலிருந்து மார்பின் அடிவிளிம்பு வரையிலும், நெஞ்செலும்பிலிருந்து அக்குள் வரையிலும், மேலும் கீழுமாக இடைவெளி விடாமல் தடவிவர வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் முதலில் மெதுவாகவும், பிறகு சற்று அழுத்தியும், இறுதியில் விலா எலும்பு தட்டுப்படும் அளவுக்கு அழுத்தியும் பார்க்க வேண்டும். அக்குளை ஒட்டிய மேற்பகுதியில்தான் புற்றுநோய்க் கட்டிகள் அதிகம் தோன்றுகின்றன. அவசரத்தில் நாம் விட்டுவிடுவதும் அந்த இடத்தைத்தான். கண்ணாடி முன் நின்று, தோலில் குழிவோ ஆரஞ்சுத் தோல் போன்ற சொரசொரப்போ இருக்கிறதா, காம்பு புதிதாக உள்ளிழுத்திருக்கிறதா, இரத்தம் கலந்த கசிவு உண்டா என்பதையும் கவனிக்க வேண்டும். மாதவிடாய் முடிந்த சில நாட்களில் மார்பகம் மென்மையாக இருப்பதால் அதுவே ஏற்ற காலம். மாதவிடாய் நின்றவர்கள் மாதத்தில் ஒரு தேதியைக் குறித்துக்கொள்ளலாம்.

சுயபரிசோதனையால் உண்மையில் பயன் உண்டா என்று ஓர் உறுப்பினர் செயற்குழுவில் கேட்டார். நியாயமான கேள்வி. சீனாவின் ஷாங்காய் நகரில் ஜவுளி ஆலைகளில் பணிபுரிந்த 2,66,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்தப்பட்டு, 2002-இல் முடிவுகள் வெளியான பெரிய ஆய்வில், சுயபரிசோதனை கற்ற பெண்களிடையே மார்பகப் புற்றுநோய் மரணங்கள் குறையவில்லை. தீங்கற்ற கட்டிகளுக்கான திசுப் பரிசோதனைகள்தான் கூடின. ஆனால் டாடா நினைவு மருத்துவமனை மும்பையில் சுமார் ஒன்றரை லட்சம் பெண்களிடம் நடத்திய நீண்டகால ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை மார்பகத்தைப் பரிசோதித்ததால் நோய் முன்னதாகவே கண்டறியப்பட்டது. ஐம்பது வயதைக் கடந்த பெண்களிடையே மரணங்கள் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தன. ஆகவே, நம் விரல்களை மட்டும் நம்பியிருத்தல் கூடாது என்பதும், முப்பது வயதைக் கடந்தவர்களுக்கு அரசு சுகாதார நிலையங்களில் செய்யப்படும் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது என்பதும் செயற்குழுவின் உறுதியான கருத்தாகும். தன் மார்பகத்தின் இயல்பை அறிந்த பெண்ணுக்குத்தான் அதில் ஏற்படும் மாற்றம் விரைவில் புலப்படும் என்பதற்காகவே பயிற்சியைத் தொடர்கிறோம்.

பயிற்சியைவிடக் கடினமானது அதற்குப் பின் மருத்துவமனைக்கு நடப்பதுதான். நம் உறுப்பினர் ஒருவர் அக்குளருகே கட்டி ஒன்றை உணர்ந்தும், வலி இல்லாததால் அதைப் பொருட்படுத்தாமல், மகளின் திருமணம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டிருந்தார். புற்றுநோய்க் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை என்று செவிலியர் சொன்னதைக் கேட்ட பிறகே அவர் நம்மிடம் வாய் திறந்தார். துணைச்செயலாளர் அவருடன் சென்று மேமோகிராம் எனப்படும் மார்பக எக்ஸ்ரேயும் திசுப் பரிசோதனையும் முடியும்வரை கூடவே இருந்தார். இப்போது அவர் சிகிச்சையில் இருக்கிறார். அவருடைய அனுமதியுடனேயே இதை இங்கே குறிப்பிடுகிறேன். இதே ஆண்டில் இளம் உறுப்பினர் ஒருவருக்குத் தென்பட்ட கட்டி தீங்கற்ற நார்க்கட்டி என்று உறுதியானது. பெரும்பாலான கட்டிகள் புற்றுநோய் அல்ல. எது எது என்பதை மருத்துவர்தான் சொல்ல முடியும்.

வரும் ஆண்டில், கட்டியோ வேறு மாற்றமோ தென்படும் உறுப்பினருடன் அதே வாரத்தில் மருத்துவமனைக்குச் செல்ல செயற்குழுவில் ஒருவர் முறைவைத்துப் பொறுப்பேற்பதெனவும், கூலி இழப்பவருக்குப் போக்குவரத்துச் செலவை மன்ற நிதியிலிருந்து வழங்குவதெனவும் முன்மொழிந்து, இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்குச் சமர்ப்பிக்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்