சர்க்கரையும் இல்லை, பிரஷரும் இல்லை, ஆனாலும் மாரடைப்பு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மக்களைத் தேடி மருத்துவம் 2021இல் தொடங்கப்பட்ட பின், குமரி மாவட்டத்தின் மலையோர ஊர்களிலும் கடற்கரை ஊர்களிலும் சர்க்கரை, இரத்த அழுத்தப் பரிசோதனைகள் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டன. அதன் நன்மையை மறுப்பதற்கில்லை. ஆயினும் இவ்விரண்டும் சரியாக இருந்து, பீடி, சிகரெட்டும் இல்லையென்றால் மாரடைப்பு வராது என்ற எண்ணம் மக்களிடம் வேரூன்றியிருப்பதை, தக்கலை வட்டாரத்தில் நெடுங்காலம் மருந்தாளுநராகப் பணியாற்றியவன் என்ற முறையில் சுட்டிக்காட்ட விரும்புகிறேன்.

சுவீடனில் 2005 முதல் 2018 வரை, இரத்தக்குழாய் முற்றிலும் அடைபடும் வகை மாரடைப்பு முதன்முறையாக வந்த 62,048 பேரின் பதிவுகளை ஆராய்ந்த கட்டுரை, 2021இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. அவர்களில் ஏறத்தாழ 15 சதவீதத்தினருக்குச் சர்க்கரை, இரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், புகைப்பழக்கம் ஆகிய நான்கில் ஒன்றுகூட இல்லை. 30 நாட்களுக்குள் இறந்தோர் இந்தப் பிரிவில் 11.3 சதவீதம், மற்றவர்களில் 7.9 சதவீதமே. இப்பிரிவுப் பெண்களில் 17.6 சதவீதத்தினர் இறந்துள்ளனர். மாரடைப்புக்குப் பின் தரவேண்டிய மருந்துகள் இவர்களுக்குக் குறைவாகவே எழுதப்பட்டிருந்தன என்பதையும் அந்த ஆய்வு கண்டறிந்தது.

மருந்து எழுதப்பட்டாலும் இங்கே அது நோயாளியின் வாய்க்குப் போவதில்லை. "கொழுப்பு நார்மல்னு ரிப்போர்ட்டுல போட்டிருக்கே, பிறவு இந்த மாத்திரை எதுக்கு?" என்று கேட்டு, கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரை அட்டையை மட்டும் மேசையில் தள்ளி வைத்துவிட்டுப் போனவர்கள் பலர். குழாயில் படிந்திருக்கும் கொழுப்புத் திட்டு மீண்டும் வெடிக்காமல் இருப்பதற்காகவும் அது தரப்படுகிறது என்பதை எடுத்துச் சொல்ல ஆளில்லை.

விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போனவர் நெஞ்சு அடைக்கிறது என்று திரும்பினால், சோடாவும் வாயு மாத்திரையும் கொடுத்துப் படுக்க வைக்கிறார்கள். அவரே சர்க்கரை நோயாளியாக இருந்தால் உடனே ஆட்டோ பிடித்திருப்பார்கள். புகைப்பதில்லை என்று சொல்பவர்கள் எல்லோரும் புகையிலையைத் தொடாதவர்களும் அல்லர். வெற்றிலையோடு மென்றால் அது கணக்கில் வராது என்பது நம் ஊர் வழக்கு! மெல்லும் புகையிலையும் மாரடைப்பு அபாயத்தைக் கூட்டும் என்பதை, 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு உறுதிசெய்துள்ளது.

ஆகவே, நெஞ்சுவலி என்று வருபவருக்கு வேறு நோய் உண்டா என்ற விசாரணை முடியும்வரை காத்திருக்காமல், பத்து நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுப்பதை எல்லா ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் கட்டாயமாக்க வேண்டும். இதயம் காப்போம் திட்டத்தின் முதலுதவி மாத்திரைகளும் அப்போதுதான் உரியவருக்கு உரிய நேரத்தில் போய்ச் சேரும். பரம்பரையாக வந்து மாரடைப்பு அபாயத்தைக் கூட்டும் லைப்போபுரோட்டீன் (ஏ) என்ற கொழுப்பின் அளவு வழக்கமான கொலஸ்ட்ரால் பரிசோதனையில் தெரியாது. பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒருமுறை பார்த்தாலே போதும். இளம் வயதில் மாரடைப்பு கண்ட குடும்பத்தினருக்கேனும் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இப்பரிசோதனையை இலவசமாகச் செய்துதர மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மருந்தாளுநர்,
தக்கலை.