சிங்கச் சண்டைப் படங்களும் சொல்லப்படாத விவரங்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரையைச் சுற்றி நின்று ஒன்றையொன்று அறைந்து, பல்லைக் காட்டிச் சீறும் காட்டுச் சிங்கங்களின் ஒளிப்படங்கள் அண்மைக் காலமாகத் தங்கள் நாளிதழின் வண்ணப் பக்கங்களில் அடிக்கடி இடம்பெறுகின்றன. படங்கள் அருமையானவை, அவற்றை எடுத்தவர்களின் பொறுமையையும் திறமையையும் மனதார மதிக்கிறேன். ஆனால் அவற்றின் கீழே, இரைக்காகச் சிங்கங்கள் மோதிக்கொண்டன என்பதற்கு மேல் ஒன்றும் அச்சிடப்படுவதில்லை. எந்தக் காடு, எந்த மாதம், என்ன இரை, மோதியவை ஆணா பெண்ணா, மோதல் எப்படி முடிந்தது என்பவற்றைச் சொல்லாமல் இத்தகைய படத்தை வெளியிட்டால், வாசகர் மனத்தில் தவறான சித்திரமே பதியும். அந்த விவரங்களையும் சேர்த்தே வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்வதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சிங்கங்கள் இரையை எப்படிப் பங்கிடுகின்றன என்பதைப் பற்றி இன்று நாம் அறிந்திருப்பதில் பெரும்பகுதி கிழக்கு ஆப்பிரிக்காவில், டான்சானியாவின் செரங்கெட்டி தேசியப் பூங்காவிலிருந்து வந்தது. 1966இல் விலங்கியலாளர் ஜார்ஜ் ஷாலர் அங்கே தொடங்கிய ஆய்வை 1978 முதல் பல பத்தாண்டுகள் ஆய்வாளர் கிரேக் பாக்கரும் அவருடைய குழுவினரும் நடத்தினார்கள். ஒரே கூட்டத்தைச் சேர்ந்த பெண் சிங்கங்களுக்குள் நிலையான மேல், கீழ் வரிசை இல்லை என்பது அந்த ஆய்வு நிறுவிய முக்கியமான செய்தி. வரிசை இல்லாததால், யார் எந்தப் பக்கத்தில் எவ்வளவு உண்பது என்பது ஒவ்வொரு முறையும் இரையின் மேலேயே தீர்மானமாகிறது. முதலில் வாய் வைத்த சிங்கம் தன் இடத்தை விட்டுக்கொடுக்காது. பக்கத்தில் நெருங்குகிற தலையை நோக்கி உறுமும், காதுகளைப் பின்னோக்கி மடித்துக்கொள்ளும், அதற்கும் அசையாவிட்டால் முன்காலை ஓங்கி முகத்தில் அறையும். அறை வாங்கியது பெரும்பாலும் ஓரடி விலகி, வேறொரு பக்கத்திலிருந்து மறுபடி தலையை நுழைத்துவிடும். இரண்டிடமும் ஒரே மாதிரியான பல்லும் நகமும் இருப்பதால், முழுச் சண்டையில் வென்றாலும் உடம்பில் காயம் மிஞ்சும். காயம்பட்ட சிங்கத்தால் அடுத்த வேட்டைக்கு ஓட முடியாது. அதனால்தான் ஒரே கூட்டத்துக்குள் இரைக்காக எழும் பூசல்கள் பெரும்பாலும் மூக்கில் கீறலோடும் கிழிந்த காதோடும் முடிந்துபோகின்றன. உயிர்போகும் சண்டைகள், கூட்டத்தைக் கைப்பற்ற வரும் அந்நிய ஆண்களோடும் எல்லைக்காக அண்டைக் கூட்டங்களோடும் நடப்பவை. இந்த இரண்டையும் ஒன்றாகக் காட்டக் கூடாது.

இரையின் அளவும் மிக முக்கியம். ஓர் எருமை விழுந்தால் பத்துச் சிங்கங்கள் சுற்றி நின்று உண்ண இடம் இருக்கும். உறுமல் கேட்கும், அவ்வளவே. சிறுமான் ஒன்று அகப்பட்டால் சில நிமிடங்களில் அதைக் கிழித்து ஆளுக்கொரு துண்டாக இழுத்துக்கொண்டு ஓடிவிடும், அப்போதுதான் கைகலப்பு கடுமையாகிறது. ஏறக்குறைய 190 கிலோ எடையுள்ள ஆண், 125 கிலோ எடையுள்ள பெண்களைத் தள்ளிவிட்டு இரையைத் தனதாக்கிக்கொள்வதும் உண்டு. அப்படிப் பெண்களை விரட்டுகிற அதே ஆண், குட்டிகளைத் தன் பக்கத்தில் உண்ண விட்டுவிடுவதை ஷாலரே பதிவு செய்திருக்கிறார். மறுபுறம், வில்டபீஸ்ட் என்னும் பெரிய ஆப்பிரிக்க மான் இனத்தின் கூட்டங்கள் இடம்பெயர்ந்துபோன மாதங்களில் தாய்கூடத் தன் குட்டிக்கு விட்டுக்கொடுக்காமல் உண்ணும்; செரங்கெட்டியில் பிறக்கும் குட்டிகளில் பாதிக்கும் மேல் இரண்டு வயதை எட்டாமல் போவதற்குப் பட்டினியும் ஒரு காரணம். ஒரு குட்டியை அறைந்து தள்ளும் தாயின் படத்தைப் பார்க்கிற வாசகருக்கு, அது இரை அரிதான மாதத்தில் எடுக்கப்பட்டது என்ற ஒரு வரி எவ்வளவு விளங்கவைக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

கேமராவின் பங்கையும் சொல்ல வேண்டும். இன்றைய கேமராக்கள் நொடிக்கு இருபது படங்கள் எடுக்கின்றன. இரண்டே நொடி நீடித்த ஓர் உறுமலில் நாற்பது படங்கள் கிடைக்கின்றன. அவற்றுள் வாய் மிக அகலமாகத் திறந்து, நகங்கள் முழுதாக வெளிவந்த ஒன்றே அச்சுக்கு வருகிறது. நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் உறையவைக்கப்பட்ட ஓர் அறை, கொலைக்குத் துணிந்த தாக்குதல்போல் தோன்றும். நெடுந்தொலைவு லென்ஸ், முன்னும் பின்னுமாக நிற்கும் விலங்குகளை ஒன்றன் மேல் ஒன்று பாய்வதுபோல் நெருக்கிக் காட்டும். இவை பொய்யல்ல, கருவியின் இயல்பு. ஒரு படத்துக்குப் பதிலாக, தொடக்கம், உச்சம், பிறகு மறுபடி தோளோடு தோள் சேர்ந்து உண்ணுதல் என மூன்று படங்களை வரிசையாக வெளியிட்டால் உண்மை தானே துலங்கிவிடும். என் பார்வையில் அந்த மூன்றாவது படம்தான் மிக அபூர்வமானது.

விவரம் கேட்காமல் சண்டை என்று நம்பிவிடுவதால் வரும் ஆபத்தை நம் நாடே கண்டிருக்கிறது. 2018 செப்டம்பரில் குஜராத்தின் கிர் காட்டில், டல்கானியா சரகத்தில் சிங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறந்தபோது, பல சாவுகளுக்கு அவற்றுக்குள் நடந்த சண்டையே காரணம் என்று முதலில் சொல்லப்பட்டது. 23 சிங்கங்கள் மடிந்தன. கெனைன் டிஸ்டெம்பர் எனப்படும் நாய்களைத் தாக்கும் வைரஸ் அவற்றில் சிலவற்றின் உடலில் இருந்தது பின்னர் உறுதியானது. 1994இல் செரங்கெட்டியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குச் சிங்கங்களைக் கொன்றதும் இதே நோய்தான். சிங்கம் என்றால் ஒன்றையொன்று கடித்துக் குதறுவது என்ற எண்ணம் பொதுமக்களிடம் ஊறிப்போயிருந்தால், இப்படிப்பட்ட விளக்கத்தை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். அந்த எண்ணத்தை ஊட்டுவதில் நாம் வெளியிடும் படங்களுக்கும் பங்குண்டு.

இதைவிட என்னை அதிகம் வருத்துவது, இரை எப்படி அங்கே வந்தது என்ற கேள்வி. கிர் காட்டில் ஒரு காலத்தில், சுற்றுலாப் பயணிகள் பார்ப்பதற்காக எருமையைக் கட்டிச் சிங்கங்களை வரவழைப்பதே வழக்கமாக இருந்து, 1987இல் நிறுத்தப்பட்டது. ஆனாலும் திருட்டுத்தனமாக அது தொடர்கிறது. 2018இல் ஒரு பெண் சிங்கத்தின் முன்னே உயிருள்ள கோழியை ஆட்டிக்காட்டும் காணொளி வெளியாகி, பலர் கைதாயினர். நீதிமன்றம் 2021இல் சிறைத் தண்டனையும் விதித்தது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972, இரை வைத்து ஈர்ப்பதையும் வேட்டை என்ற வரையறைக்குள்ளேயே சேர்த்திருக்கிறது. கட்டிவைக்கப்பட்ட கன்றைச் சுற்றி நடக்கும் பூசலும், தானே வேட்டையாடிய இரையைச் சுற்றி நடக்கும் பூசலும் படத்தில் ஒன்றுபோலவே இருக்கும். ஆகவே ஒரு படத்தை ஏற்கும் முன், இரை இயற்கையானதா என்று எழுத்து மூலம் கேட்டுப் பெறுவது நாளிதழின் கடமை. கென்யாவின் மசாய் மாரா காப்பகம் போன்ற இடங்களில் ஒரு விலங்கைச் சுற்றி ஐந்து வாகனங்களுக்கு மேல் நிற்கக் கூடாது என்ற விதி அடிக்கடி மீறப்படுவதும் யாவரும் அறிந்ததே. நெருக்கடியில் உண்ணும் விலங்கு பதற்றமடையும். அந்தப் பதற்றம் இரைப் பூசலாகப் படத்தில் பதியக்கூடும். வாகனங்கள் சூழ்ந்திருந்தால் அதையும் குறிப்பிடச் சொல்லுங்கள்.

விவரங்களால் இன்னொரு பயனும் உண்டு. சிங்கத்தின் மீசை மயிர்கள் முளைக்கும் இடத்தில் உள்ள புள்ளிகளின் அமைப்பு ஒவ்வொன்றுக்கும் வேறுபடும். 1970 முதல் ஆய்வாளர்கள் தனித்தனிச் சிங்கங்களை அடையாளம் காண அதைப் பயன்படுத்துகிறார்கள். சீறும்போது முகத்தோல் சுருங்கிப் புள்ளிகள் குழம்பிவிடும். எனவே சண்டைப் படத்தோடு, அதே சிங்கம் அமைதியாக இருக்கையில் பக்கவாட்டில் எடுத்த முகப்படத்தையும், நாளும் காட்டின் பெயரும் குறித்து அனுப்பும்படி தங்கள் ஒளிப்படக்காரர்களிடம் கேளுங்கள். படத்தின் கீழ் மூன்று வரி இடம் ஒதுக்கினாலே போதும். அடுத்த ஞாயிறு இணைப்பிலேயே இதைத் தொடங்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
மதுரை.