குன்றாதிருக்க வேண்டியது வளமா, வளர்ச்சியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழில் ஆங்கிலத்தில் ‘sustainable development’ எனப்படும் ஒரே கருத்து ‘நிலையான வளர்ச்சி’, ‘நீடித்த வளர்ச்சி’, ‘வளங்குன்றா வளர்ச்சி’ என்று மூன்று பெயர்களில் வருகிறது. கல்லூரியில் நெடுங்காலம் சமூகவியல் கற்பித்தவன் என்ற முறையில், இதை வெறும் சொல்லாக்கச் சிக்கலாக என்னால் கருத இயலவில்லை. முதல் இரண்டில் நிலைக்க வேண்டியது வளர்ச்சி. மூன்றாவதில் குன்றாதிருக்க வேண்டியது வளம்.

இக்கருத்தின் வேர் வளத்தில்தான் இருக்கிறது. ஜெர்மனியின் சாக்சனியில் சுரங்க நிர்வாகியாக இருந்த கார்லோவிட்ஸ், சுரங்கங்களுக்கும் உருக்காலைகளுக்கும் மரம் போதாமல் போவதைக் கண்டு, மீண்டும் வளரும் அளவுக்கு மேல் காட்டை வெட்டலாகாது என்று 1713-இல் எழுதினார். 1987-இல் வெளிவந்த, ஐ.நா. அமைத்த புருண்ட்லாண்ட் ஆணையத்தின் அறிக்கை, வருங்காலத் தலைமுறையினர் தம் தேவைகளை நிறைவு செய்துகொள்ளும் ஆற்றலைக் கெடுக்காமல் இன்றைய தேவைகளை நிறைவு செய்வதே இவ்வளர்ச்சி என்றது. இந்த வரியை மாணவர்கள் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். ஆனால், ஏழைகளின் அடிப்படைத் தேவைகளுக்கே முதலிடம் என்றும், இயற்கையின் தாங்குதிறனுக்கு எல்லை உண்டு என்றும் அதை ஒட்டியே எழுதப்பட்டிருப்பதைப் பெரும்பாலோர் படித்ததே இல்லை. 2015-இல் ஐ.நா. ஏற்ற 17 வளர்ச்சி இலக்குகளில் எட்டாவது, பொருளாதாரம் தொடர்ந்து வளர வேண்டும் என்கிறது. மிகவும் பின்தங்கிய நாடுகளுக்கு ஆண்டுக்குக் குறைந்தது 7 விழுக்காடு என்று அளவும் குறிக்கிறது. வறிய நாடுகளுக்கு அது தேவைதான். ஆயினும், தொடர்ந்து வளர்வதையும் வளம் குன்றாமல் வளர்வதையும் நாம் ‘நீடித்த’ என்ற ஒரே சொல்லால் குறிக்கும்போது, எல்லை என்ற எண்ணமே வாசகர் மனத்திலிருந்து நழுவிவிடுகிறது.

இயற்கை வளம் குறைந்தாலும் அதற்கு ஈடாக இயந்திரமும் கல்வியும் பெருகினால் போதும் என்னும் பொருளியலாளர்கள் உண்டு. அமெரிக்கச் சூழலியல் பொருளியலாளர் ஹெர்மன் டேலி அதை மறுத்தார். யார் பக்கம் நியாயம் என்பதை நான் பாலாற்றங்கரையில்தான் உணர்ந்தேன். ஆம்பூர் அருகே, தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் நிலத்தடி நீர் கெட்ட ஒரு சிற்றூருக்கு மாணவர்களை அழைத்துச் சென்றிருந்தபோது, கிணற்று நீரை வாயில் வைத்த மாணவர் அக்கணமே துப்பினார். உட்சுவரில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. சோப்புப் போட்டால் நுரைகூட வருவதில்லை என்றார் அந்த வீட்டு அம்மா. தோல் ஏற்றுமதியில் வரும் எந்தப் பணமும் அந்தக் கிணற்றுக்கு ஈடாகாது.

பாலாற்றுப் பகுதியின் தோல் பதனிடும் ஆலைகள் குறித்த வேலூர் வழக்கில்தான், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வளங்குன்றா வளர்ச்சி என்ற கருத்தை இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. தோல் தொழில் அந்நியச் செலாவணியும் வேலைவாய்ப்பும் தருவதை ஒப்புக்கொண்ட நீதிமன்றம், அதனாலேயே சுற்றுச்சூழலை அழிக்கும் உரிமை அதற்கு வந்துவிடாது என்று தெளிவாகக் கூறியது. மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்ற நெறியும் அத்தீர்ப்பில் உறுதியானது.

ஆகவே, தங்கள் நாளிதழ் ‘வளங்குன்றா வளர்ச்சி’ என்ற சொல்லையே சீராகக் கையாள வேண்டும் என்றும், புருண்ட்லாண்ட் வரையறையை மேற்கோள் காட்டும்போது ஏழைகளையும் எல்லையையும் பற்றிய பகுதியையும் சேர்த்தே வெளியிட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சமூகவியல் பேராசிரியர்,
வேலூர்.