இரண்டு மன்னிப்புகள்

புத்தளம்
05.08.2024

அன்பின் மச்சான்,

நலம். உம்மாவுக்கு முழங்கால் வலி, மற்றபடி எல்லாரும் சுகம். உன் மகளின் பட்டமளிப்புப் படம் பார்த்தேன். நல்லவேளை, தாயைப் போல இருக்கிறாள். நெடுவல் கொழும்புக்கு வந்து போயிருக்கிறான், ஒரு ஃபோன்கூட இல்லை. கணக்கு மாஸ்டர் இருந்திருந்தால் அவனை வாங்கில் ஏற்றியிருப்பார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கொரோனா காலத்தில் முஸ்லிம் ஜனாஸாக்களை எரித்ததற்கு "அரசாங்கம் உங்களிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டதே, சந்தோஷமா?" என்று வாட்ஸ்அப்பில் போட்டாய், கூடவே கைகூப்பும் இமோஜி வேறு. அங்கேயே பதில் எழுதினால் சண்டையில்தான் முடியும். அதனால்தான் கடிதம்.

சாச்சியை உனக்குத் தெரியும். பெருநாளுக்கு உனக்கென்று தனியாக வட்டிலப்பம் எடுத்து வைப்பார். 2020 நவம்பரில் கொழும்பில் ஓர் ஆஸ்பத்திரியில் மௌத்தானார். கொரோனா என்றார்கள். மகன் போய் நின்றபோது ஒரு படிவத்தை நீட்டி, பெட்டி வாங்கி வரச் சொன்னார்கள். எரிப்பதற்குப் பெட்டி. அவன் கையெழுத்தும் வைக்கவில்லை, பெட்டியும் வாங்கவில்லை. அப்படியும் எரித்தார்கள். குளிப்பாட்டவில்லை, வெள்ளைத் துணியில் கபனிடவில்லை. சாம்பலை வந்து எடுங்கள் என்று பிறகு அழைப்பு வந்தது. எடுத்து வந்து என்ன செய்ய? எங்கள் மார்க்கத்தில் சாம்பலுக்கு ஒரு சடங்கும் கிடையாது. அவன் போகவில்லை. அது எங்கே போனதென்று இன்றுவரை தெரியாது. அடுத்த மாதம், பிறந்து 20 நாளான குழந்தையொன்றையும் எரித்தார்கள். அதை எதிர்த்துப் பொரளை மயான கேற்றில் சனம் வெள்ளைத் துணி கட்டிய படத்தை உனக்கு அனுப்பினேனே.

உலக சுகாதார நிறுவனம் புதைக்கலாம் என்றது. இங்கே இருந்த நிபுணர் குழு நிலத்தடி நீர் கெட்டுவிடும் என்றது. எந்த ஆய்வில் பார்த்தீர்கள் என்று கேட்டவர்களுக்குப் பதில் இல்லை. 270க்கும் மேற்பட்ட முஸ்லிம்களை எரித்த பிறகு, 2021 பெப்ரவரியில், ஜெனிவாவில் மனித உரிமைப் பேரவை கூடியிருந்த நேரம் பார்த்து, இம்ரான் கான் வந்து போன கையோடு புதைக்க அனுமதித்து வர்த்தமானி வந்தது. நிலத்தடி நீர் அந்த வாரத்தோடு திருந்திவிட்டது போல! அடுத்த மாதம் ஜெனிவா வாக்கெடுப்பில் பாகிஸ்தானும் வங்கதேசமும் இலங்கை அரசாங்கத்தின் பக்கம் கை தூக்கின. உம்மத், சகோதரத்துவம் என்று ஜும்ஆவில் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த வாக்கெடுப்புத்தான் ஞாபகம் வருகிறது.

எங்கட ஆட்களும் லேசுப்பட்டவர்களில்லை. 2020 ஒக்டோபரில், எரிப்பு நடந்துகொண்டிருந்தபோதே, ஜனாதிபதியின் அதிகாரத்தைக் கூட்டிய கோட்டாபயவின் 20ஆவது அரசியலமைப்புத் திருத்தத்துக்கு எதிரணி முஸ்லிம் எம்.பி.க்கள் சிலர் வாக்களித்தார்கள். அவர்களுக்கு இன்னும் மாலை விழுகிறது. யாரை நோக?

இப்போது போன மாதம் அமைச்சரவை கூடி மன்னிப்புக் கேட்கிறது. அடுத்த மாதம் ஜனாதிபதித் தேர்தல். அதை விடு, கேட்டது கேட்டதுதான், நான் உதறவில்லை. ஆனால் அந்த நிபுணர் குழுவுக்குள் யார் அப்படிச் சொன்னது, யார் சொல்ல வைத்தது, ஏன்? அதில் ஒரு வரிகூட இல்லை. சாச்சியின் மகனுக்கு வேண்டியது அந்த ஒரு வரிதான்.

இதே மாதிரி ஒன்று ஏற்கெனவே எங்களுக்குக் கிடைத்திருக்கிறது. 2002 ஏப்ரல், கிளிநொச்சி, உலகப் பத்திரிகையாளர் எல்லாரும் வந்த, புலிகளின் அந்தக் கூட்டம். 1990இல் எங்களை வடக்கிலிருந்து விரட்டியதற்கு, பிரபாகரன் இருக்க, பாலசிங்கம் மன்னிப்பு என்ற மாதிரி ஏதோ சொல்லி, பழையதை மறப்போம் என்றார். டிவிக்கு முன்னால் வாப்பா ஒன்றும் பேசாமல் இருந்தார். பிறகு, "ஏன் அனுப்பினாங்க என்று சொன்னாரா?" என்று மட்டும் கேட்டார். சொல்லவில்லை, மச்சான். வடக்கு முழுவதும் ஏறத்தாழ 75,000 பேர். யாழ்ப்பாணத்தில் எங்களுக்குத் தந்தது இரண்டு மணி நேரம். ஒஸ்மானியாவுக்கு வரச் சொல்லி ஒலிபெருக்கியில் கூப்பிட்டபோது, வாப்பா ஏதோ நிவாரணக் கூட்டம் என்று நினைத்துத்தான் போனார். ஐந்து சந்தியில் தங்கச்சியின் தோட்டைக் கழற்றச் சொன்ன இயக்கப் பிள்ளைக்கும் நம்முடைய வயதுதான் இருக்கும். திருகு இறுகிப்போய்க் கழரவில்லை. உம்மா எச்சில் தொட்டுத் திருகினார். அந்தப் பிள்ளை அவசரப்படுத்தவில்லை, எங்களைப் பார்க்கவும் இல்லை.

நீ ஒருமுறை காரணம் சொன்னாய்: கிழக்கில் ஊர்காவல் படை, இயக்கத்தை விட்டுப் பிரிந்து போன முஸ்லிம் பெடியள், உளவு. வீரமுனையில் தமிழரைக் கொன்றதை நான் மறைக்கிறவனில்லை. ஆனால் அதற்குச் யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் ஒன்பது வயதுப் பிள்ளையின் தோடு என்ன செய்யும்? நேற்று முன்தினம் காத்தான்குடியில் சுஹதாக்கள் தினம். 1990இல் இரண்டு பள்ளிவாசல்களில் இஷா தொழுதுகொண்டு நின்றபோது சுட்டுக் கொல்லப்பட்டவர்கள், நூற்றுக்கும் மேல். அதைச் செய்தோம் என்றே புலிகள் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

கோபித்துக்கொள்ளாதே. உன் அம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அழுததும் எங்கள் வீட்டில் இன்றுவரை பேசப்படுகிற கதைதான். 2021 பெப்ரவரியில் பொத்துவிலிலிருந்து பொலிகண்டி வரை நடந்தார்களே, அதில் ஜனாஸா எரிப்பை நிறுத்து என்பதும் ஒரு கோரிக்கை. உன் தம்பி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்த வீடியோவை நான் அழித்துவிடவில்லை. அவன் வீடு வீடாய்ப் போய் மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை, நடந்தான். காலில் கொப்புளம் என்று ஒரு கிழமை புலம்பினான், அது வேறு.

உன்னிடம் ஒன்று கேட்கவேண்டும். ரொறன்ரோவில் நவம்பர் 27 மாவீரர் நாளுக்கு மண்டபம் எடுக்கிறீர்கள். எங்களை யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றிய ஒக்டோபர் 30க்கும் ஒன்று எடு. பத்துப் பேர் வந்தாலும் போதும், கதிரை அடுக்க உனக்குத் தெரியும்தானே. நான் ஸூமில் வந்து பேசுகிறேன். "பழையதை மறப்போம்" என்று தலைப்புப் போட்டால் மட்டும் வரமாட்டேன்.

டிசம்பரில் வருகிறாயாம், தம்பி சொன்னான். சொக்லேட் வேண்டாம், உம்மாவின் முழங்காலுக்கு ஏதாவது தைலம் கொண்டு வா.

உன்,
ஓட்டைச் சைக்கிள்