உடைந்த பாலத்துப் பக்கம் நாயோடு நடப்பவர்களுக்கு

சென்னை பெசன்ட் நகரிலிருந்து ஊரூர் குப்பம் வழியாக அடையாறு முகத்துவாரம் வரை விடிகாலையில் நாயோடு நடக்கும் எல்லோருக்கும்,

வணக்கம். நானும் உங்களில் ஒருவன்தான். என்னைத் தெரியாதவர்களுக்கும் மணியைத் தெரிந்திருக்கும்: செம்மண் நிறம், ஒரு காது மடிந்த நாட்டு நாய். இந்த மடலில் முதல் குற்றவாளி அவன். இரண்டாவது நான்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு மார்கழிக் காலை. பாலத்தைத் தாண்டியதும் கயிற்றை அவிழ்த்துவிட்டேன். தூரத்துச் சேற்றுத் திட்டில் கூழாங்கற்கள் இறைந்து கிடந்தன. மணி பாய்ந்தான், அத்தனை கல்லும் பறந்தது! ஒன்றுபோலத் திரும்பி, வெள்ளை வயிறு மின்ன ஒரு வட்டம் அடித்து மறுபடி இறங்கின. அவன் மறுபடி ஓடினான். நாலு தடவை. நான் சிரித்துக்கொண்டே வீடியோ எடுத்தேன். அதை இன்னும் அழிக்கவில்லை; பார்க்கத்தான் மனம் வருவதில்லை.

அந்தக் கற்களுக்குப் பெயர் உண்டென்பது பிறகு ஒரு பைனாகுலர் கைக்கு வந்தபோதுதான் தெரிந்தது. உப்புக்கொத்தி கண்ணை நம்பிப் பிழைக்கும் பறவை. நாலடி ஓடும், சட்டென்று நிற்கும், பார்க்கும், ஒரே கொத்து. கொசு உள்ளான் என்ற குட்டிப் பறவைக்கு அந்தப் பொறுமையெல்லாம் கிடையாது. தலை நிமிராமல் தையல் மெஷின் ஊசி மாதிரி சேற்றைக் குத்திக்கொண்டே போகும். எடை ஏறக்குறைய 25 கிராம், ஒரு கோழி முட்டையில் பாதி. முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது வடதுருவத்தை ஒட்டிய தூந்திரச் சமவெளியில். ஆகஸ்ட், செப்டம்பரில் வரத் தொடங்கி, ஏப்ரல் வாக்கில் திரும்பிவிடும். திரும்பும் பயணத்துக்கு வேண்டிய கொழுப்பை இங்கே தின்றுதான் சேர்த்தாக வேண்டும்.

தின்ன இடம் எவ்வளவு என்கிறீர்கள்? சென்னையில் கடல் ஏறி இறங்குவதே அதிகம் போனால் ஒரு மீட்டர் அளவுதான். நீர் வற்றும் சில மணி நேரம் வெளியே தெரிகிற சேறுதான் அவற்றின் பந்தி. நம் நடை நேரமும் வற்றமும் ஒன்றாக அமைகிற நாளில், பந்தியில் உட்கார்ந்தவரை நாலு முறை எழுப்பிவிட்டு, "சும்மா விளையாடறான்" என்கிறோம். பறக்கும் ஒவ்வொரு முறையும் செலவாவது சேர்த்த கொழுப்பு.

கடற்கரைக்கு நாயே வரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. அப்படி ஒரு பலகை வந்தால் முதலில் சண்டைக்குப் போகிறவன் நானாகத்தான் இருப்பேன். நான் கேட்பது ஒன்றே ஒன்று: செப்டம்பரிலிருந்து ஏப்ரல் வரை, பாலத்தை நெருங்கியதும் கயிற்றைக் கையில் பிடியுங்கள். பறவைகள் தின்பதை நிறுத்தித் தலைதூக்கினால் அதற்கு மேல் போகாதீர்கள். தை, மாசியில் மணலுக்குள் பங்குனி ஆமை என்ற கடலாமையின் முட்டைகளும் இருக்கும். தோண்டுகிற நாய் வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனம்.

தெருநாய்கள் துரத்தவில்லையா என்பீர்கள். துரத்துகின்றன. அவற்றுக்குக் கயிறு பிடிக்க ஆளில்லை. நம்முடையவற்றுக்கு நாம் இருக்கிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மழையோ பனியோ, தினமும் ஒரே இடத்துக்கு ஒரே நேரத்தில் போக நம்மை இழுத்துப் போவது நாய்தான். கேமரா தூக்கிக்கொண்டு ஞாயிறு மட்டும் வருகிறவர்களுக்கு அந்த வசதி இல்லை. போன வாரம் மணி மணலில் படுத்து ஈயை விரட்டிக்கொண்டிருந்தான். எதிரே ஒரு கோட்டான் (ஆந்தையில்லை, புத்தகங்கள் அந்தப் பெயரில் சொல்லும் வளைந்த அலகுக்காரன்) நண்டு வளைக்குள் அலகை அடிவரை விட்டு, ஒரு நண்டை இழுத்து, உதறிக் காலைக் கழற்றி விழுங்கியது. மணி கொட்டாவி விட்டான். ஓட விட்டிருந்தால் எனக்கு அந்த நண்டும் இல்லை, அதற்கும் இல்லை.

இந்த ஞாயிறு காலை ஆறரைக்குப் பாலத்தருகே இருப்பேன். பைனாகுலர் ஒன்று கூடுதலாக இருக்கிறது. நாயையும் கூட்டி வாருங்கள், கயிற்றோடு. மணிக்கு மட்டும் பிஸ்கட் போடாதீர்கள், வீட்டில் தின்றுவிட்டுத்தான் வருவான்.

அன்புடன்,
மணியின் ஆள்