சங்க நிர்வாகிகளுக்கு: எங்கள் கணக்கின் சாவி எங்களிடம் இருக்கட்டும்

மதிப்புக்குரிய தலைவர், செயலாளர், செயற்குழு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

உறுப்பினர்களுக்காகச் சங்கம் மொத்தமாக எடுத்த பில்லிங் மென்பொருளின் சந்தாவை இன்னும் மூன்று ஆண்டுக்கு நீட்டிக்கப் போவதாகச் சுற்றறிக்கை வந்தது. தயவுசெய்து அதில் கையெழுத்துப் போடாதீர்கள்.

போன மாதம் நடந்தது உங்களுக்குத் தெரிந்ததுதான். 10ஆம் தேதி லைசென்ஸ் முடிந்தது. பணம் கட்டியாயிற்று, மென்பொருளைத் திறக்கும் புது கீ வரவில்லை. மாத விற்பனை பில்களை ஜிஎஸ்டி போர்ட்டலில் ஏற்றும் ஜிஎஸ்டிஆர்-1 ரிட்டர்னுக்குக் கடைசி நாள் 11. பழைய பில்கள் திரையில் தெரிகின்றன, எக்செல்லில் எடுக்க வழியில்லை. எங்கள் கணக்குப் பார்க்கும் பெண் ஃபைலில் இருந்த பில் நகல்களைப் பிரித்து வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் மறுபடி டைப் செய்தார். எங்களுக்கு வேலை தரும் ஒவ்வொரு பார்ட்டிக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த 15 இலக்க ஜிஎஸ்டி எண். பூஜ்யம் வர வேண்டிய இடத்தில் 'ஓ' விழுந்தால் போர்ட்டல் ஏற்காது. ராத்திரி வரை உட்கார்ந்தும் முடியவில்லை. 14ஆம் தேதி பார்ட்டிகளுக்கு வந்த 2பி-யில், அதாவது எந்த பில்லுக்கு வரியைக் கழித்துக்கொள்ளலாம் என்று காட்டும் போர்ட்டல் பட்டியலில், எங்கள் பில்கள் இல்லை. "பில் ஏறட்டும், அப்புறம் பேமென்ட் பார்க்கலாம்" என்றார்கள் பார்ட்டிகள். உள்ளீட்டு வரியைக் கழித்துக்கொள்ள முடியாத பில்லுக்கு அவர்கள் ஏன் பணம் தர வேண்டும்? ஆனால் சனிக்கிழமை டெய்லர்களுக்குச் சம்பளம் போட்டாக வேண்டும். வட்டிக்கு வாங்கித்தான் போட்டோம்.

நம் பில்லை நாமே எடுக்க இன்னொருவர் அனுமதி எதற்கு? ஆண்டு ரிட்டர்ன் கெடுவிலிருந்து 72 மாதம் கணக்கை வைத்திருக்கச் சொல்கிறது ஜிஎஸ்டி சட்டம். சந்தா விட்டுப்போனால் அந்தக் கணக்கை எப்படித் திறப்பது என்று விற்றவரிடம் கேட்டீர்களா?

மும்பையில் உருவான இஆர்பிநெக்ஸ்ட் என்ற பில்லிங், கணக்கு மென்பொருள் கட்டற்றது (ஓப்பன் சோர்ஸ்): யாரும் லைசென்ஸ் கட்டணமில்லாமல் எடுத்து, சொந்த சர்வரில் ஓட்டலாம், மாற்றலாம். பெங்களூரின் பங்கு வர்த்தக நிறுவனமான ஜெரோதா அதைத்தான் பயன்படுத்துகிறது. ஜிஎஸ்டி ரிட்டர்னுக்கும் இ-இன்வாய்சுக்கும் தனி இணைப்பே இருக்கிறது. ஆடிட்டர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்று கூட்டத்தில் சொன்னீர்கள். கம்பெனிகளுக்கு 2023 ஏப்ரல் முதல் கட்டாயமான திருத்தப் பதிவு, அதாவது கணக்கில் எதை எப்போது மாற்றினோம் என்று காட்டும் பதிவு, அதிலும் உண்டு. செலவே இல்லை என்று சொல்ல மாட்டேன். சர்வர் வாடகை, பயிற்சி, பராமரிக்க ஓர் ஆள் எல்லாம் வேண்டும். சந்தாவுக்கு ஒதுக்கிய பணத்தை அதற்குக் கொடுங்கள். நம் ஊர்ப் பிள்ளை ஒருவருக்கு வேலையாவது கிடைக்கும்.

இப்போது எல்லாமே வாடகையாகிவிட்டது. பேட்டர்ன் போடும் மென்பொருளும் வாடகை, வருகைப் பதிவும் வாடகை. தையல் மெஷினைச் சொந்தமாக வாங்கிவிடுகிறோம், அதில் தைத்ததற்கான கணக்கு மட்டும் நமக்குச் சொந்தமில்லை. அரசு அலுவலகங்களில் ஓப்பன் சோர்சுக்கு முன்னுரிமை என்று மத்திய அரசு 2015லேயே கொள்கை வெளியிட்டது. கேரளப் பள்ளிகள் அதற்கும் முன்பே விண்டோஸுக்கு மாற்றான, கட்டற்ற லினக்ஸுக்கு மாறிவிட்டன. நம் சங்கத்தில் இதைப் பேசவென்று தனியாக ஒரு கூட்டம்கூடப் போடவில்லை.

கோபத்தில் எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது இதுதான்: மூன்று ஆண்டுச் சந்தாவை நிறுத்தி வையுங்கள். சங்க அலுவலகத்திலும், விருப்பமுள்ள சில யூனிட்களிலும் ஒரு காலாண்டு இஆர்பிநெக்ஸ்டை ஓட்டிப் பார்ப்போம். முதல் ஆளாக என் யூனிட்டைத் தருகிறேன். பழைய கணக்கு முழுவதையும் எக்செல்லில் தரும்படி இப்போதைய நிறுவனத்திடம் சங்கத்தின் பெயரில் எழுத்தில் கேளுங்கள். அடுத்த செயற்குழுவுக்குள் பதில் தந்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
ஜாப் ஒர்க் (கூலிக்குத் தைத்துக் கொடுக்கும்) யூனிட் நடத்தும் உறுப்பினர்