பாச்சியோலி பக்கத்தில் கெசோங்குக்கும் ஒரு பத்தி

கணக்கியல் பாடநூல் எழுதும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் இரண்டு பக்கமாக எழுதும் இரட்டைப் பதிவு முறை என்றதும் 1494, வெனிஸ், லூக்கா பாச்சியோலி என்று பாடம் நடத்துகிறோம். சரிதான், அதை அச்சிட்டுப் பரப்பியவர் அவர். ஆனால் கொரியாவின் கெசோங் வணிகர்கள் தாங்களாகவே வளர்த்தெடுத்த ஒரு கணக்கு முறை இருந்ததை மாணவர்களுக்கு நாம் சொல்வதே இல்லை. எனக்கு இது பெரிய குறையாகத் தெரிகிறது.

கெசோங், கொரியாவை அன்று ஆண்ட கொரியோ அரசின் தலைநகராக இருந்தது. 1392இல் ஆட்சி மாறியது, பிறகு தலைநகரும் இன்றைய சியோலுக்குப் போனது. கெசோங்காரர்கள் வணிகத்தில் ஊன்றி, நாடெங்கும் கிளைக்கடை வைத்தார்கள். தூரத்துக் கடையை முதலாளி கண்ணால் பார்க்க முடியாது, ஏட்டில்தான் பார்க்க வேண்டும். அவர்களுடைய முறைக்குப் பெயர் ‘சாகே சோங்தோ சிபுபொப்’. சோங்தோ என்பது கெசோங்கின் பழைய பெயர், ‘சிபுபொப்’ என்றால் கணக்கெழுதும் முறை. ‘சாகே’ என்றால் நான்கு: வர வேண்டியது, தர வேண்டியது, லாபம், நட்டம். வர வேண்டியதில் தர வேண்டியதைக் கழித்தால் வரும் தொகையும், லாபத்தில் நட்டத்தைக் கழித்தால் வரும் தொகையும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் எங்கோ பிழை. பெட்டி மூலையில் பலகைகளைக் கோத்துப் பொருத்தும் தச்சு வேலைக்கும் கொரிய மொழியில் ‘சாகே’ என்றே பெயர். வகுப்பில் இதை ஒருமுறை சொல்லிப் பாருங்கள், இருப்புநிலைக் குறிப்பு ஏன் நேராக வேண்டும் என்பது பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும்.

அன்றாடம் எழுதக் குறிப்பேடு, அதிலிருந்து எடுத்து எழுதப் பேரேடு. நம் பிள்ளைகள் படிக்கும் அதே வரிசை. ஏட்டின் தொடக்கத்தில் ‘வானருள் பெற்ற நன்னாள்’ என்று பொருள்படும் சீன எழுத்துகளை எழுதுவார்கள். நம் கடைகளில் புதுக்கணக்கில் பிள்ளையார் சுழி போடுவது போலத்தான்.

வெனிசுக்கு முன்பே கொரியா கண்டுபிடித்துவிட்டது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அப்படிச் சொல்பவர்கள் உண்டு, ஆனால் அதை உறுதிப்படுத்தும் கொரியோ காலத்து ஏடு எதுவும் கையில் இல்லை. கையில் இருப்பதே போதும். 1887 முதல் 1912 வரை ஒரு கெசோங் குடும்பம் எழுதிய 14 கணக்கேடுகளைத் தென்கொரியா 2014இல் பண்பாட்டுச் சொத்தாகப் பதிவு செய்தது. 1916இல் ஹியோன் பியோங்-ஜு இந்த முறையை விளக்கி நூலே வெளியிட்டார்.

ஒரு பத்தி ஒதுக்குங்கள். அப்புறம், பயிற்சியில் ஒரு கணக்கும் சேருங்கள். கெசோங்கின் பேர்பெற்ற சரக்கு ஜின்செங் என்னும் மூலிகை. நல்ல வேர் எடுக்க ஆறு ஆண்டு ஆகும். முதல் ஆண்டு கொடுத்த கூலியை எந்தக் கணக்கில் எழுதுவது?

அன்புடன்,
ஒரு கணக்கியல் ஆசிரியர்